செட்டிநாட்டுச் செம்மண்ணில் வீட்டுக் காய்கறித் தோட்டம்: ஆனி மாதம் தொடங்கி முதல் பறிப்பு வரை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வீட்டுப் பின்கட்டில் கடப்பாரையைப் போட்டால், பல இடங்களில் முக்கால் அடிக்குள் ‘ணங்’கென்று சரளை தட்டும். மேலே செம்மண், கீழே செம்புறாங்கல். மழை பெய்த மறுநாள் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும் மண், வெயில் காய்ந்த நாலாம் நாள் செங்கல்லாக இறுகும். இதே மண்ணில் கத்தரியும் வெண்டையும் அருமையாகக் காய்க்கும். முதல் முறை தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது விதையில் அல்ல. விதைப் பாக்கெட் வாங்கிய அன்றே தூவிவிடுகிறார்கள். மண் பதப்பட்டிருக்காது. ஆடி வெயிலுக்குப் போட்ட பாத்தியையே ஐப்பசி அடைமழைக்கும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் வாரம் செடி வெளுக்கும், மூன்றாம் மாதம் வேர் அழுகும். இந்த இரண்டையும் சரிசெய்வதுதான் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி.

எப்போது தொடங்குவது

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஆனி முதல் வாரமே மண்வெட்டியை எடுத்தாக வேண்டும். எரு மண்ணோடு கலந்து அடங்க நான்கு முதல் ஆறு வாரம் தேவை. இந்தப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசியையும் கார்த்திகையையும் ஒட்டிய வடகிழக்குப் பருவமழை. ஆடி, ஆவணியில் மாலை நேர இடிமழை அவ்வப்போது உண்டு. அந்த ஈரத்தில் செடி வேர்பிடித்து, அடைமழைக்கு முன் முதிர்ந்து நிற்க வேண்டும் என்பதே ஆடிப்பட்டத்தின் கணக்கு.

ஆடியைத் தவறவிட்டால் அடுத்த நல்ல வாய்ப்பு மார்கழி, தை. பனியும் இளவெயிலும் சேர்ந்த அந்தப் பட்டம் தக்காளிக்கு ஆடியைவிட நல்லது. பங்குனி, சித்திரையில் புதிதாகத் தோட்டம் தொடங்க வேண்டாம். அப்போது கொத்தவரையும் கீரையும் தவிர மற்றவை தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா நிற்கும்.

இடம்

ஒரு நாளில் குறைந்தது ஆறு மணி நேரம் நேர்வெயில் விழ வேண்டும். கீரைக்கு நான்கு மணி நேரம் போதும். செட்டிநாட்டு வீடுகளில் பின்கட்டு மதில் உயரமானது என்பதால் இதை அளந்தே பார்க்க வேண்டும். தெற்கு மதிலின் நிழல் பலரையும் ஏமாற்றுகிறது. ஆடி மாதம் உச்சிவெயில் ஏறக்குறைய தலைக்கு மேலே, சற்று வடக்கே நிற்பதால் தெற்கு மதிலுக்கு நிழலே இருக்காது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும் 10 அடி மதில் நண்பகலிலேயே ஆறரை அடிக்கு நிழல் போடும். ஆடியில் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் தை மாதம் இருட்டாகிவிடும். ஆகவே தெற்கு மதிலிலிருந்து குறைந்தது 7 அடி தள்ளி முதல் பாத்தியை வையுங்கள். பந்தல் கொடிகளை வடக்கு ஓரத்தில் ஏற்றுங்கள். அப்போது அவற்றின் நிழல் மற்ற பாத்திகளில் விழாது.

பெரிய வேம்பு, புளி, தென்னையிலிருந்து 15 அடியாவது விலகியிருப்பது நல்லது. மேலே நிழல் இல்லாவிட்டாலும் கீழே வேர் வந்து எருவையும் ஈரத்தையும் எடுத்துக்கொள்ளும்.

முதல் ஆண்டுக்கு 12 அடி அகலம், 10 அடி நீளம் போதும். 3 அடி அகலத்தில் மூன்று பாத்திகள், இடையில் ஒன்றரை அடியில் இரண்டு நடைபாதைகள். 3 அடிக்கு மேல் பாத்தியை அகலமாக்கினால் நடுவில் களை எடுக்கக் கை எட்டாது. பாத்திக்குள் கால் வைத்தே ஆக வேண்டும். ஈரச் செம்மண்ணில் ஒரு முறை மிதித்த இடம் அந்தப் பட்டம் முடியும்வரை இறுகியே கிடக்கும். இதைவிடப் பெரிதாகத் தொடங்குகிறவர்கள் ஆவணியில் களையிடம் தோற்பார்கள். இந்த மூன்று பாத்தியை ஒழுங்காகக் கவனிக்க நாளுக்கு அரை மணி நேரம் ஆகும்.

மொட்டை மாடியில் வைக்கலாமா

பழைய வீடா, புதிய வீடா என்பதைப் பொறுத்தது. பழைய வீடுகளின் மெத்தை (மாடித் தளம்) பெரும்பாலும் மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, மேலே தட்டோடு பதித்தது. 20 லிட்டர் மண் பிடிக்கும் ஒரு வளர்ப்புப் பை நனைந்தால் 25 கிலோவரை எடை வரும். இருபது பை என்றால் அரை டன். எடையைவிடக் கசிவு கொடுமையானது. பையிலிருந்து ஒழுகும் நீர் ஓட்டு இடுக்கில் இறங்கி மரச்சட்டத்தை நனைத்துக்கொண்டே இருக்கும், அதைத் தேடிக் கறையான் வரும். நூறாண்டு நின்ற மெத்தையைப் பத்துக் கத்தரிச் செடிக்காகக் கெடுக்க வேண்டாம். அப்படிப்பட்ட வீட்டில் பைகளைத் தரையிலேயே வையுங்கள்.

புதிய கான்கிரீட் மாடி என்றால் உத்தரம் ஓடும் இடத்திலும் சுவரோரத்திலும் பைகளை நிறுத்தி, அடியில் செங்கல் கொடுத்து, நீர் வடிய வழிவிட்டுத் தாராளமாக வளர்க்கலாம். செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய எரு மூன்றும் சம அளவு கலந்த கலவை போதும். நார்க்கழிவைத் தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்தே சேர்க்க வேண்டும். அதிலுள்ள உப்பு நாற்றின் வேரைச் சுடும்.

மண்

முதலில் மூன்று சோதனைகள். மூன்றுக்கும் காசு வேண்டாம்.

நீர் இறங்குகிறதா என்று பார்க்க ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் இன்னொரு முறை நிரப்பி நேரம் பாருங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்தால் நல்லது. நாலு மணி நேரமாகியும் நின்றால் அடியில் செம்புறாங்கல் தகடு இருக்கிறது. அங்கே ஆழமாகத் தோண்டிப் பயனில்லை, மேலே மண் ஏற்றித்தான் பாத்தி போட வேண்டும்.

அடுத்தது சுண்ணாம்பு. பழைய கட்டடம் இடிந்த இடத்திலும் வேலை நடந்த இடத்திலும் காரைத் துண்டும் ஓட்டுச் சில்லும் மண்ணில் கலந்திருக்கும். செட்டிநாட்டுக் கொல்லைகளில் இது மிகச் சாதாரணம். அந்த மண்ணில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தும் சுண்ணாம்பு அதைச் செடிக்குக் கிடைக்கவிடாது. எத்தனை எரு போட்டாலும் அது உடனே தீராது. ஒரு கரண்டி உலர்ந்த மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அந்த இடத்தை விடுங்கள், அல்லது ஓர் அடி ஆழத்துக்கு மண்ணை வெளியேற்றிவிட்டு வேறு மண் நிரப்புங்கள்.

மூன்றாவது, ஈரமண்ணைக் கையில் பிடித்து உருட்டுவது. உருண்டை சேராமல் உதிர்ந்தால் சரளையும் மணலும் அதிகம், தண்ணீர் நிற்காது. நாடா போல நீண்டு வந்தால் களி அதிகம். இங்கே முதல் வகைதான் பெரும்பாலும் கிடைக்கும்.

உதிரும் செம்மண்ணுக்கு ஊர்க் கண்மாய் வண்டலைவிடச் சிறந்த மருந்து கிடையாது. வண்டலின் நுண்ணிய களி, செம்மண் பிடிக்க முடியாத ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும். கோடையில் கண்மாய் வற்றும்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற்று எடுத்தவர்களிடம் கொஞ்சம் கேட்டுப் பெறலாம். 30 சதுர அடிப் பாத்தியில் ஓர் அங்குலக் கனத்துக்குப் பரப்ப, சாந்துச் சட்டியில் ஏழெட்டுச் சட்டி ஆகும். சாக்கடை சேரும் கண்மாயின் வண்டல் வேண்டாம். வண்டலை மட்டும் தனியாகப் போட்டுப் பாத்தி அமைப்பதும் தவறு, காய்ந்தால் வெடிக்கும். செம்மண்ணோடு கலந்தால்தான் அதன் பலன்.

இனிப் பாத்தி வேலை. ஆனி மாதம் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் வெட்டுவது எளிது. மழை இல்லையென்றால் முதல் நாள் மாலை தண்ணீர் கட்டி ஊறவிடுங்கள். முக்கால் அடி முதல் ஓர் அடி ஆழம் வெட்டி, கோலிக்குண்டைவிடப் பெரிய கல்லைப் பொறுக்குங்கள். மண்கட்டிகளை உடைத்து, நான்கைந்து நாள் வெயிலில் காயவிடுங்கள். கோரைக்கிழங்கு தென்பட்டால் அன்றே பொறுக்குங்கள். அதை மண்வெட்டியால் துண்டாக்கினால் ஒன்று பத்தாகும்.

காய்ந்த மண்ணில் ஒரு பாத்திக்குச் சேர்க்க வேண்டியவை: மேலே சொன்ன வண்டல், நன்கு மக்கிய தொழுவுரம் 20 கிலோ, வேப்பம்புண்ணாக்கு அரைக் கிலோ, அடுப்புச் சாம்பல் இரண்டு கைப்பிடி. தொழுவுரம் மக்கியதா என்பதற்கு மூக்கே சாட்சி. சாண நாற்றம் போய் மழைமண் வாசம் வர வேண்டும், கையில் சூடு தட்டக்கூடாது. பச்சை எரு போட்டால் அது மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். கறையானும் வெள்ளைப் புழுவும் கூடவே வரும். எருவில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத் தூளை 50 கிராம் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் ஒரு வாரம் சாக்கால் மூடி வைத்துப் பிறகு போட்டால் நாற்றழுகலும் வேரழுகலும் வெகுவாகக் குறையும். எல்லாவற்றையும் மேல் அரை அடி மண்ணோடு கலந்து, வாரம் இரு முறை தண்ணீர் தெளித்து, ஆடி பிறக்கும்வரை விட்டுவிடுங்கள். இடையில் முளைக்கும் களையை இரண்டு முறை கொத்திவிட்டால் பின்னால் வேலை பாதியாகும்.

ஒரே பாத்தி, இரண்டு வடிவம்

ஆடியில் பாத்தியை நடைபாதை மட்டத்துக்கு இரண்டு அங்குலம் தாழ்வாக வைத்து, சுற்றிலும் நான்கு அங்குல வரப்புக் கட்டுங்கள். வெயில் நாளில் ஊற்றிய நீர் வெளியே ஓடாது, எப்போதாவது வரும் இடிமழையும் உள்ளேயே இறங்கும். மேட்டுப்பாத்தி அழகாக இருக்கிறது என்று பார்த்துப் போட்டால் ஆவணி வெயிலில் அது நான்கு பக்கமும் காய்ந்து வெடிக்கும்.

புரட்டாசி இரண்டாம் வாரம் இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். நடைபாதை மண்ணை அரை அடி ஆழத்துக்கு வெட்டிச் செடிகளின் அடியில் மூன்று நான்கு அங்குலம் அணையுங்கள், வரப்பையும் கரைத்து அதோடு சேர்த்துவிடுங்கள். இப்போது பாத்தி மேடாகவும் நடைபாதை வாய்க்காலாகவும் ஆகிவிடும். வாய்க்காலின் தாழ்ந்த முனையைத் தோட்டத்துக்கு வெளியே, வாழைக்கோ தென்னைக்கோ திறந்துவிடுங்கள். ஐப்பசியில் இரண்டு நாள் வேரில் தண்ணீர் நின்றால் கத்தரி வாடும், மிளகாய் செத்தே போகும். மூச்சுவிட முடியாத வேரை அழுகல் பூஞ்சாணம் பிடித்துக்கொள்வதே காரணம். இந்த ஒரு நாள் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். மழை தொடங்கிய பிறகு ஈரமண்ணை வெட்டினால் கட்டிகட்டியாக வரும், வேரும் அறுபடும்.

தண்ணீர்

30 சதுர அடிப் பாத்திக்கு வெயில் நாளில் சராசரியாக 20 லிட்டர் வேண்டும், மேகமூட்ட நாளில் 10 லிட்டர் போதும். நாற்று வேர்பிடிக்கும் முதல் இரண்டு வாரம் தினமும் கொஞ்சம் ஊற்றுங்கள். அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 40 லிட்டர், அதாவது மூன்று குடம். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே படரும், ஒரு நாள் தவறினாலும் செடி சாய்ந்துவிடும். ஊற்றியபின் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டாம் கணுவரை ஈரம் தட்டினால் போதும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் சில தெருக்களில் உவர்ப்பு. தொட்டி விளிம்பிலும் மண்மேலும் வெள்ளைப் படலம் படிந்தால், இலை ஓரம் தீய்ந்தால், அதுதான் காரணம். அந்த நீரைத் தவிர்க்க முடியாதவர்கள் மழைநீரைச் சேர்த்துக் கலக்க வேண்டும். இந்த ஊர்க்காரர்களுக்கு அது புதிதல்ல. ஊருணி வெட்டிக் குடிநீர் காத்ததும், வளவு முற்றத்துக்கு நாலு பக்க ஓட்டுத் தண்ணீரையும் இறக்கி அண்டாவில் பிடித்ததும் இங்கேதான். 1000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,300 லிட்டர் விழும். சிந்தியது போக 1,800 லிட்டராவது பிடிக்கலாம். மேலே சொன்ன மூன்று பாத்திக்கும் ஒரு மாதத் தண்ணீர் அது. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடாமல் வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடுங்கள். அரிசி களைந்த நீரை எதற்கும் ஊற்றலாம்.

மூடாக்கு போட்டால் தண்ணீர்த் தேவை நன்றாகக் குறையும். கடலைத் தோல், வைக்கோல், காய்ந்த இலை எதுவானாலும் இரண்டு அங்குலக் கனம் போதும். செம்மண் பூமியில் ஒரு எச்சரிக்கை: உலர்ந்த மூடாக்கு கறையானை அழைக்கும். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டே பரப்புங்கள், அடியில் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குத் தூவுங்கள். தென்னை மட்டையை முழுசாகப் போடாமல் நறுக்கிப் போடுங்கள்.

எதை, எங்கே, எவ்வளவு

முதல் ஆண்டு விதைக்கு வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை, கீரை, ஒரு பந்தல் கொடி என்று நிறுத்திக்கொள்ளுங்கள். கேரட், முட்டைக்கோஸ் ஆசை இந்த வெக்கைக்கு ஆகாது. வீரிய ஒட்டு ரகங்களைவிட, விதை எடுத்து வைக்கக்கூடிய ரகங்களே தொடங்குகிறவர்களுக்கு நல்லது. வெண்டையில் அர்கா அனாமிகா, கொத்தவரையில் பூசா நவ்பகார், தக்காளியிலும் முருங்கையிலும் பெரியகுளத்தின் பி.கே.எம். 1 ஆகியவை தெரிந்த ரகங்கள். கத்தரியில் உள்ளூர் நாட்டு ரகம் கிடைத்தால் அதையே நடுங்கள். கோசமல்லி என்னும் செட்டிநாட்டுக் கத்தரிக்காய்த் தொடுகறிக்குச் சதைப்பற்றுள்ள கத்தரிதான் வேண்டும், கடைக் காயில் அந்தப் பதம் வருவது அரிது. விதைக்கும் மண் பரிசோதனைக்கும் குன்றக்குடியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

முதல் பாத்தி வெண்டைக்கு. ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு வரிசை, வரிசைக்குள் ஓர் அடிக்கு ஒரு செடி, ஆக 20 செடி. விதையை ஆறேழு மணி நேரம் ஊறவைத்து, குழிக்கு இரண்டாக ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். பத்தாம் நாள் நோஞ்சானைக் கிள்ளிவிடுங்கள், பிடுங்கினால் நல்ல செடியின் வேரும் ஆடும். 45 முதல் 50 நாளில் பறிப்பு தொடங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். நுனி ஒடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும். முற்றவிட்ட ஒரு காய் அந்தச் செடியின் அடுத்த பூக்களைத் தாமதப்படுத்தும். அரிசி களைந்த நீரில் வைக்கும் வெண்டைக்காய் மண்டிக்கு 20 செடியின் இரண்டு நாள் காய் போதும்.

இரண்டாவது பாத்தியில் கத்தரி ஐந்து, மிளகாய் ஐந்து. இவை நாற்றுவிட்டு நட வேண்டியவை. ஆனி முதல் வாரமே குழித்தட்டிலோ ஓட்டையிட்ட தேங்காய் மூடியிலோ, நார்க்கழிவும் மண்புழு உரமும் சரிபாதி கலந்து, அரை அங்குல ஆழத்தில் விதையுங்கள். காலையில் வெயிலும் பிற்பகலில் நிழலும் விழும் தாழ்வாரத்து ஓரம் இதற்கு ஏற்ற இடம். கத்தரி 30 முதல் 35 நாள், மிளகாய் 35 முதல் 40 நாள், தக்காளி 25 நாள் ஆனதும் நடலாம். நாற்றின் அடித்தண்டு தண்ணீர் ஊறியதுபோல் இளைத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். நெருக்கி விதைத்ததும் ஈரம் கூடியதும் காரணம். நடவை மாலை ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கு இரண்டடி, மிளகாய்க்கு ஒன்றரை அடி இடைவெளி. முதல் நான்கு நாள் பகலில் வேப்பங்கொத்தால் நிழல் கொடுங்கள்.

தக்காளியை ஆடியில் நட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. காய் பிடிக்கும் நேரத்தில் அடைமழை வந்து இலை கருகும், பழம் வெடிக்கும். கார்த்திகையில் நாற்றுவிட்டு, மழை ஓய்ந்த மார்கழியில் வெண்டைப் பாத்தியில் நட்டால் மாசி, பங்குனியில் கூடை நிறையும்.

மூன்றாவது பாத்தியைக் கீரைக்கும் கொத்தவரைக்கும் பிரியுங்கள். கீரைப் பகுதியை மூன்று துண்டாக்கி, பத்து நாளுக்கு ஒரு துண்டு விதைத்தால் மூன்று வாரத்துக்குப் பிறகு கீரை இடைவெளியில்லாமல் வரும். அரைத் தேக்கரண்டி விதையை இரண்டு கைப்பிடி மணலில் கலந்து தூவி, கையால் லேசாகத் தடவி, பூவாளியால் தெளியுங்கள். கீரை முளைக்கவில்லை என்று வருகிற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி எறும்பு, விதையை ஒரே இரவில் சுமந்துபோகும். பாத்தி ஓரத்தில் ஒரு கைப்பிடி அரிசி நொய்யைத் தூவினால் எறும்பு அதை இழுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் தழைக்கும்.

வடக்கு ஓரத்தில் ஆறடி உயரப் பந்தல் அல்லது கயிற்றுத் தட்டி. ஆறடி இடைவெளியில் ஓர் அடிக்கு ஓர் அடிக் குழி இரண்டு, குழிக்கு ஐந்து கிலோ எரு, நான்கு விதை, பிறகு இரண்டு செடி. பாகல் விதையை ஓர் இரவு ஊறவையுங்கள். அவரை வேண்டுமென்றால் பந்தல் அவரையை ஆடியில் மட்டுமே போடுங்கள். பகல் சுருங்கும் மார்கழி, தையில்தான் அது பூக்கும். தையில் விதைத்தால் மாதக்கணக்கில் கொடியும் இலையும்தான்.

பூத்தும் காய்க்காதபோது

கொடிகளில் முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண் பூவே வரும். அடியில் பிஞ்சு வடிவம் இருப்பதே பெண் பூ. தேனீ குறைவான இடத்தில் ஆண் பூவைப் பறித்து இதழை விலக்கிப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பாகலுக்கும் பூசணிக்கும் இதைக் காலை எட்டு மணிக்குள் செய்ய வேண்டும். பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்பவை, அவற்றுக்கு மாலையில்தான். இந்த நேரக் கணக்குத் தெரியாமல் காலையில் வாடிய சுரைப் பூவைத் தடவிப் பயனில்லை.

இலை கரும்பச்சையாய்க் கொழுத்துப் பூவே இல்லையென்றால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. கடலைப் புண்ணாக்கை நிறுத்திவிட்டு ஒரு கைப்பிடி சாம்பல் கொடுத்துப் பொறுத்திருங்கள். மற்ற நாட்களில் 20 நாளுக்கு ஒருமுறை செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். அல்லது ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கைப் பத்து லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததைப் பத்து மடங்கு நீரில் கலந்து வேரில் விடலாம்.

பூச்சி, நோய், மயில்

கத்தரியில் நுனித்தண்டு மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே காய்த்துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, எரித்துவிடுங்கள். தினமும் காலை இதை மட்டும் செய்தாலே பாதிக் காய் தப்பும். குப்பைக் குழியில் போட்டால் புழு அந்துப்பூச்சியாகித் திரும்பும். வெண்டை இலையில் மஞ்சள் வலை பின்னினால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல். அந்தச் செடிக்கு மருந்தில்லை, அன்றே பிடுங்குங்கள். மஞ்சள் தட்டில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் வெள்ளை ஈ ஒட்டும். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 3 கிராம் கலந்து மாலையில் தெளிக்கலாம், உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும். பாகலில் பிஞ்சு கோணி அழுகினால் பழ ஈ. விழுந்த பிஞ்சுகளைப் பொறுக்கி அழித்து, நல்ல பிஞ்சுகளைக் காகித உறையால் மூடுங்கள்.

சாறுண்ணிகளுக்கும் இளம் புழுக்களுக்கும் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். ஆனி, ஆடியில் தெருவெல்லாம் உதிரும் வேப்பம்பழத்தைச் சேர்த்து, சதை நீக்கி நிழலில் உலர்த்தி வையுங்கள். ஒரு லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள். வெயிலில் அதன் வீரியம் போய்விடும் என்பதால்தான் மாலை. ஒரு வாரம் கழித்து மறுபடி.

வாடிய செடியைப் பிடுங்கும்போது வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. மணற்பாங்கான செம்மண்ணில் இது அடிக்கடி வரும். அந்த இடத்தில் அடுத்த பட்டம் துலுக்கச் செவ்வந்தியை நெருக்கமாக நட்டு, பிறகு அதை மண்ணோடு மடக்கிவிடுங்கள். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் ஒரே பாத்தியில் மாறி மாறி நட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆடு, கோழிக்கு நாலடி வலை போதும். மயில் வேறு கதை. விதைத்த வரிசையைக் கிளறும், மிளகாய்ப் பிஞ்சைக் கொத்தும். அது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் பறவை. விஷமோ கண்ணியோ வைப்பது குற்றம். பாத்திக்கு மேல் மூன்றடி உயரத்தில் குச்சி நட்டுப் பழைய மீன்வலையை விறைப்பாகக் கட்டுங்கள். தரையில் தளர்வாகப் புரளும் வலையில் பாம்பும் சாரையும் சிக்கிச் சாகும், அவிழ்க்கப் போகும் கைக்கும் ஆபத்து.

விதைக்கு விடுவது

திடமான வெண்டைச் செடி இரண்டில் நாலாவது, ஐந்தாவது காய்களைப் பறிக்காமல் அடையாள நூல் கட்டி, பழுப்பாகி வெடிக்கத் தொடங்கும்வரை விடுங்கள். தேமல் பட்ட செடியில் விதை எடுக்க வேண்டாம். கத்தரி மஞ்சளாகிக் கனிந்ததும் அறுத்து, விதையை நீரில் அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு மூழ்கியதை மட்டும் சாம்பல் புரட்டி நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். பல்லில் கடித்தால் நசுங்காமல் உடைய வேண்டும். காகிதத்தில் சுற்றி, ரகமும் மாதமும் எழுதி, மூடி இறுகிய பாட்டிலில் குளிர்ந்த அறையில் வையுங்கள். அடுத்த ஆனியில் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்க்கலாம். எட்டு முளைத்தால் குழிக்கு இரண்டு, ஐந்தாறுதான் முளைத்தால் குழிக்கு மூன்று, அதற்கும் குறைந்தால் வேறு விதை.